வளைவில் ஊற்றிய எண்ணெய்

வேலுச்சாமி இறந்த செய்தியை என் கடைக்குக் கொண்டுவந்தவர் சங்கிலி. போடியிலிருந்து மலைக்குப் போய்வரும் பஸ்ஸின் டிரைவர். அன்று வந்த ஏலக்காயைத் தட்டில் பரப்பித் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படியேறும்போதே அவர், "உங்க கூட்டாளி போய்ச் சேந்துட்டாருண்ணே. ஊத்து வளைவுல. என்னா வேகம்ங்கிறீக!" என்றார். சொன்ன வாயோடு பக்கத்துக் கடையில் ஒரு டீயும் சொன்னார். டீ வருவதற்குள் தெருவில் போன இரண்டு மூன்று பேரிடம் அதே செய்தியைச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் வேகம் கொஞ்சம் கூடியது.

வேலுச்சாமியோடு பழகியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த 'வேகம்' என்ற சொல்லைக் கேட்டதும் அது பொய் என்று எனக்குத் தெரிந்ததைப் போல உங்களுக்கும் தெரிந்திருக்கும். எஸ்டேட்டுகளுக்குப் போய்க் காய் வாங்கிவரும் தொழிலில் அவர் எனக்குப் போட்டி. மற்றபடி மாப்பிள்ளை, மச்சான் என்று அழைத்துக்கொள்ளும் சிநேகம். பட்டாளத்தார் யுத்தம் முடிந்து கழித்துவிட்ட ஒரு மோட்டார் சைக்கிளை வைத்திருந்தார். அதை அவர் ஓட்டும் அழகைப் பார்த்து மலையடிவாரத்து முந்தல் ஊர்ச் சனங்கள் சிரிப்பார்கள். "மச்சான், எறங்கித் தள்ளிக்கிட்டுப் போனா இன்னும் வெரசாப் போயிரலாம்" என்று நானே கேலி செய்திருக்கிறேன். "போயிரலாம் மாப்ளே. திரும்பி வரணும்ல?" என்பார். இந்த மனிதரைத்தான் வேகக்காரர் என்று ஊர் ஒரே நாளில் முடிவு கட்டியது.

ஊற்று வளைவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைச் சுவரிலிருந்து தண்ணீர் கசியும் இடத்தில் சாலை கொண்டை ஊசியாக மடங்குகிறது. சுவரை ஒட்டிய மேட்டில் கருப்பன் கல்லாக நிற்கிறார். போகிற வண்டி நல்லபடியாகத் திரும்பி வரவேண்டும் என்று டிரைவர்கள் இறங்கி அவர் தலையில் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். மேட்டில் ஊற்றியது அங்கேயே நிற்குமா? கல்லை நனைத்து, பீடத்தை நனைத்து, சரிவில் இறங்கி, சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்துக் கட்டைச்சுவர் வரை போய்விடும். புழுதி, மிதிபட்ட வாழைப்பழம், ஈ, பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம். சாமி இருக்கும் இடத்தை இப்படி வைத்திருக்க நம்மால்தான் முடியும்.

ஒரு முறை அவருடைய பின்சீட்டில் உட்கார்ந்து மலையிலிருந்து இறங்கினேன். ஊற்று வளைவில் திரும்பும்போது எனக்குக் கீழே இருந்த பின் சக்கரம் மட்டும் தனியாக வேறு எங்கோ புறப்பட்டது. முன் சக்கரம் நேராக வருகிறது, பின் சக்கரம் பக்கவாட்டில் நழுவுகிறது. மெதுவாக வந்ததால் மெதுவாகவே விழுந்தோம். எனக்கு முழங்கை உரிந்தது. எழுந்து பார்க்கிறேன், அவர் படுத்தபடியே தாரில் விரலைத் தேய்த்து மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறார். "செக்கு எண்ணெய் மாப்ளே! நல்லெண்ணெய்!" என்றார். முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. "சீ!" என்று விரலைப் புல்லில் திரும்பத் திரும்பத் துடைத்தார். ரத்தம் வந்த கால்முட்டியைத் துடைக்கவில்லை.

வழுக்கினால் இரண்டு சக்கரமும்தானே வழுக்க வேண்டும், பின் சக்கரம் மட்டும் ஏன் ஓடியது என்று முந்தல் டீக்கடையில் கேட்டேன். அவர் தன் வலது கையை மேசைமேல் நீட்டினார். "டயருக்குக் கை ஒண்ணுதான் மாப்ளே. வளைவுல வண்டி வெளிய ஓடப் பாக்கும். அதைப் பிடிச்சு நிறுத்துறது அந்தக் கை. அதே நேரத்துல நீ பிரேக்கை மிதிச்சா, அதையும் அதே கைதான் பிடிக்கணும். முடுக்குனாலும் அப்பிடித்தேன், இஞ்சின் இழுவை பூராப் பின் சக்கரத்துக்குத்தான வருது? ஒரு கையில எத்தனை சோலி பாக்கும்? எறக்கத்துல கேக்கவே வேணாம். பாரம் பூரா முன்னாடி சாஞ்சுரும். பின் சக்கரம் பாதி மிதந்துக்கிட்டேதான் வரும். அந்தப் பாதிப் பிடிக்குக் கீழ எண்ணெயையும் ஊத்தி வச்சா?" என்றார். அதனால்தான் வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, வேகத்தைக் கொன்றுவிடுவாராம். வளைவுக்குள் போனபின் எதையும் மிதிப்பதில்லை, எதையும் முறுக்குவதில்லை. நாங்கள் கேலி செய்த மெதுவுக்குக் காரணம் இதுதான்.

அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. கருப்பனுக்கு வருஷம் தவறாமல் கிடா வெட்டுகிறவர். அந்த உரிமையில் பூசாரியிடமும் டிரைவர்களிடமும் பேசப் போனார். நானும் கூட நின்றேன். பீடத்தைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி எண்ணெயை ஓரத்துக் குழியில் இறக்கிவிடலாம், வேலையைத் தானே செய்து தருகிறேன் என்றார். "சாமி தலையில ஊத்துனா சாமி வாங்கிக்கும். ரோட்டுல ஓடுனா டயருதானப்பா வாங்கிக்கும்?" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பூசாரி, பீடத்துப் பக்கம் கடப்பாரை போடச் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்றார். உத்தரவு ஆடியில் கேட்கலாம் என்றார்கள். ஆடியில், தை பிறக்கட்டும் என்றார்கள். தையில் சங்கிலி, "சாமிக்கு ஊத்துற எண்ணெய்க்குக் கணக்குப் பாக்குறவன் வெளங்குவானா?" என்று எல்லோரும் கேட்க ஒரு போடு போட்டார். அத்தோடு பேச்சு முடிந்தது. திரும்பும்போது வேலுச்சாமி விரலை முகர்ந்த அன்று பார்த்த முகத்தோடு வந்தார்.

அவர் இறந்த அன்று நடந்ததை அதே பஸ்ஸின் கண்டக்டர் எனக்குப் பிறகு சொன்னார். பஸ் மேலே ஏறும்போது வழக்கம்போல் வளைவிலேயே நிறுத்தியிருக்கிறார்கள், பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு. சங்கிலி இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார். மேலிருந்து வேலுச்சாமி இறங்கி வருகிறார். வளைவுக்குள் திரும்பிய பிறகுதான் பஸ் நிற்பது அவருக்குத் தெரியும். பிரேக்கை மிதிக்காமல் வேறு வழியில்லை. வாழ்நாளெல்லாம் எதைச் செய்யக்கூடாது என்று காத்துவந்தாரோ, அதைச் செய்ய வைத்துவிட்டார்கள், அதுவும் அப்போதுதான் ஊற்றிய எண்ணெய்மேல். பின் சக்கரம் விலகி, வண்டி சுழன்று, கட்டைச்சுவரில் தலை மோதியது. காலிப் பாட்டிலோடு திரும்பிப் பார்த்த சங்கிலி வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "என்னா வேகம்!"

வேகம் என்ற பொய்யாவது மனிதர்மேல் சொன்னது. காரியம் முடிவதற்குள் அதைவிட அசிங்கமான ஒன்று கிளம்பியது. சாமி எண்ணெயைத் தடுத்தான், சாமி கேட்டுவிட்டது என்றார்கள். சாவு வீட்டில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். சொந்தக்காரர்களே அவர் மனைவி பேச்சியம்மாளிடம், "ஆத்தா, இந்தக் குத்தம் பிள்ளைக தலையில விடியக்கூடாது. உங் கையால ஒரு டின்னு எண்ணெய் ஊத்திரு" என்று பிடித்துக்கொண்டார்கள். ஊற்றினால், என் புருஷன் குற்றவாளிதான் என்று அந்த அம்மாள் ஊரறிய ஒப்புக்கொண்டதாகிவிடும். போகவேண்டாம் என்று மன்றாடினேன். "வாங்கண்ணே, அப்பிடி என்னதேன் இருக்குன்னு பாத்துட்டு வந்துருவோம்" என்று டின்னைத் தூக்கிக்கொண்டார்.

சங்கிலியின் பஸ்ஸில்தான் போனோம். அன்றைக்கும் அதே வளைவில், அதே இடத்தில் நிறுத்தினார். என்னத்தைச் சொல்ல! எல்லோரும் இறங்கினார்கள். எண்ணெய் ஓடிய இடத்தை ஒருவரும் மிதிக்கவில்லை. ஆண்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றி வந்தார்கள். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி தன் காலடியில் ஒரு சாக்கை விரித்திருந்தார். சங்கிலி ஓரக்கல்லில் கால் வைத்து, பழகிய லாகவத்தோடு ஒரு தாவல் தாவினார். பேச்சியம்மாள் டின்னோடு நின்று அத்தனை பேர் கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, நேரா வரலாம்ல? எதுக்குச் சுத்தி வர்றீக?" என்று சங்கிலியைக் கேட்டார்.

"வழுக்கும் தாயி, பாத்து வா" என்றார் அவர்.

"வழுக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

சங்கிலி தன் பாட்டிலின் மூடியைத் திருகத் தொடங்கினார்.

"நடக்குற காலுக்கே வழுக்கும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பெறகு எம் புருசன் வேகமா வந்தாருன்னும், சாமி அடிச்சிருச்சுன்னும் ஊரு பூராச் சொன்னீகளே, எந்த வாயிண்ணே அது?"

சுவரோரம் நின்ற ஒருவர், நேரமாகிறது என்றார். பேச்சியம்மாள் கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். டின்னைத் திறக்கவே இல்லை. நாங்கள் இருவரும் முந்தலை நோக்கி நடந்தோம். திரும்பிப் பார்த்தேன். சங்கிலி தன் பாட்டிலைக் கல்மேல் கவிழ்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஓரக்கல்லில் கால் வைத்துத் தாவிப் பஸ்ஸில் ஏறினார்.

வேலுச்சாமிக்காகப் போட்ட இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொறுமையைப் பாராட்டினார்கள், சிரித்த முகத்தைப் பாராட்டினார்கள். வேண்டியவர்கள் அவற்றை எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அவரிடமிருந்து வந்து சேர்ந்திருப்பது, தாரில் தேய்த்த விரலை முகர்ந்தபோது அவர் முகத்தில் வந்த அந்த அருவருப்பு ஒன்றுதான். நாளானால் எல்லாம் ஆறிவிடும் என்று எனக்கும் ஆறுதல் சொல்கிறார்கள். ஆறவிட மாட்டேன். ஆறிவிட்டால், நானும் அந்த வளைவில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போக ஆரம்பித்துவிடுவேன்.