எலும்பு கருகும் வாசனை

எலும்பில் லேசரால் துளை போடுவது என் வேலை. கசாப்புக் கடையில் வாங்கிவரும் ஆட்டுத் தொடையெலும்புதான். துளையைச் சுற்றி எவ்வளவு தூரம் கருகுகிறது என்று பார்க்க வேண்டும். பிற்பாடு மனிதர்களுக்கு ஆபரேஷன் செய்கிறவர்களுக்கு அது தேவைப்படும். தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சுட்டால் கருகல் குறையும். ஆனாலும் கறுப்பு வளையத்துக்கு வெளியே, வெள்ளைவெளேரென்று தெரியும் இடத்தையும் சூடு தொட்டிருக்கும். உயிருள்ள எலும்பானால் அங்கேயும் செத்துப்போகும். பார்த்தால் தெரியாது.

அந்த வாசனை தலைமுடியில் ஏறிக்கொள்ளும். செம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே மறிப்பாள். வெங்காயத்தையே யோசித்துச் சேர்க்கிறவள்.

"உள்ள வராதே. மசான வாடை அடிக்கறது. குளிச்சுட்டு வா."

இவ்வளவு படித்தும் தினம் வாசலில் நிற்க வைக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குளித்துவிட்டுச் சமையலறை வாசலில் தலையைக் குனிய வேண்டும். முகர்ந்து பார்ப்பாள். தேறினால்தான் காபி. சில நாள் திரும்பவும் குளிக்க அனுப்பியிருக்கிறாள்.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து ஃபிளாட் மாமி போன் செய்தபோது நான் துளை போட்டுக்கொண்டிருந்தேன். லேசரை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குக் குளிக்காமல் நேரே உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நான் ஒரே பெண். நானே எல்லாம் செய்தேன். காரியம் பண்ணிவைத்த வாத்தியார், பெண் செய்யலாமா என்று ஏதோ முணுமுணுத்தார். அவரோடு சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. மின்மயானத்தில் கதவு மூடியது. அங்கே எந்த வாசனையும் இல்லை. அழுகை வரவில்லை, வரவில்லையே என்ற வருத்தமும் இல்லை. மரத்துப்போயிருந்தேன்.

திரும்பி வந்ததும் மாமி வாசலில் மறித்துக் குளிக்கச் சொன்னாள். மயானம் போய் வந்தால் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். தலையைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். அன்றைக்கு எங்கள் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது என்று மாமி தன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, சமையலறையில் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி குனிஞ்சுண்டு நிக்கறே?" என்று அவள் கேட்ட பிறகுதான், ஈரத்தலையோடு சமையலறை வாசலில் நான் குனிந்து நிற்பது எனக்கே தெரிந்தது.

மாமி முகர்ந்து பார்க்காமலே டம்ளரை நீட்டினாள்.