தில்லையில் ஆடுகிறவர் பெயர்

விடுகதை போட்டால் போதும், எந்தப் புருஷன் பெயரையும் கண்டுபிடித்துவிடுவாள் மங்கலம். 1966ஆம் வருஷம் முழுக்க அவளுக்கு இதுதான் வேலை. சம்பளம் கிடையாது. பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சென்னையில் ஒரு சங்கம் தொடங்கி, மாநிலம் முழுக்கத் தொண்டர்களைத் தேடியபோது, கடலூர் முதுநகரில் பெயர் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். சங்கம் ஒரு துணிப்பையும் தகர பேட்ஜும் அனுப்பியது. பேட்ஜைக் குத்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், டிக்கெட் பரிசோதிக்க வந்தவள் என்று கண்டக்டர்கள் பயந்தார்கள். அவளும் திருத்தப் போகவில்லை.

பெண்கள் தங்கள் பெயரை எப்படியோ சொல்லிவிடுவார்கள். "வீட்டுக்காரர் பேரு?" என்றதும்தான் முந்தானை வாய்க்குப் போகும். வாயால் சொன்னால் அவருக்கு ஆயுசு குறைந்துவிடுமாம். இந்தச் சட்டத்துக்குச் சாதி மதம் எதுவும் கிடையாது. முதுநகர் ஜெய்னப், "கெணத்துல தள்ளுனாங்களே, அந்த நபி பேரு" என்றாள். யூசுப் என்று எழுதிக்கொண்டாள் மங்கலம். சர்ச் தெரு சின்னம்மாள், "மாதா காட்சி குடுத்த ஊரு, பின்னாடி சாமி" என்றாள். லூர்துசாமி. இப்படி முந்நூறு பேரை எழுதி முடித்தபின், மங்கலத்துக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று.

இதில் ஒரு ரகசியம் உண்டு. தன் புருஷன் பெயரை அவளும் சொன்னதில்லை. அவர் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, பெயர் தங்கராசு. கல்யாணமாகி இருபது வருஷமாகத் தங்கம் என்ற சொல்லே அவள் வாயில் வந்ததில்லை, நகைக்கடையிலும் பவுன்தான். போன தேர்தலுக்குக் கணக்கெடுக்க வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டபோது, பதில் சொல்லக் கொழுந்தனை அழைத்துவரக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்புவதற்குள் வந்தவர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். ஓட்டுப்போடும் நாளில் தெருப் பெண்கள் விரலில் மையோடு திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. அதனால் இந்தத் தடவை தன் படிவத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டாள். எழுதினால் தோஷமில்லை என்பது அவளே தனக்குக் கொடுத்துக்கொண்ட சலுகை.

சிதம்பரம் பக்கத்துக் கீரப்பாளையத்தில்தான் மாட்டிக்கொண்டாள். நடவு முடிந்து கரையேறிய செல்லாயியை நிறுத்திக் கேட்டாள்.

"தில்லையில ஆடுறவரு பேருக்கா" என்றாள் செல்லாயி.

இதெல்லாம் ஒரு விடுகதையா என்று சிரித்தபடி நடராசன் என்று எழுதினாள் மங்கலம். சிதம்பரத்தைச் சுற்றிப் பத்து மைலுக்கு அந்த ஒரு சாமிக்கு எத்தனை பெயர் என்பதைக் கடலூர்க்காரி யோசிக்கவில்லை. அம்பலவாணன், கூத்தன், சபாபதி என்று தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். செல்லாயியின் புருஷன் சபாபதி. நடராசன் பக்கத்து வீட்டுக்காரர். வரப்புத் தகராறில் இரண்டு பேருக்கும் ஆறு வருஷமாகப் பேச்சு கிடையாது.

பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் வரைவுப் பட்டியல் ஒட்டிய மறுநாளே சபாபதி பஸ் பிடித்து முதுநகருக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா, வரப்பத்தான் தின்னுட்டான். இப்ப பொண்டாட்டியவும் அவன் பேர்ல எழுதிக் குடுத்துட்டீங்களே, நாயமா?"

"தப்பு என்னுதுதாண்ணே. மாத்திடலாம்."

"டீக்கடையில ஒக்காந்துகிட்டு, செல்லாயி எங்க வீட்டு ஓட்டுன்னு சொல்லித் திரியறான்."

சிரிக்காமல் இருக்க மங்கலம் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் போன பிறகு சிரிப்பு வரவில்லை. பெயரை மாற்றாவிட்டால் செல்லாயிக்கு ஓட்டு கிடையாது. அவளும் ஒரு ஜன்னலைத் தேடிப் போய் நிற்க வேண்டியதுதான்.

விசாரணை சிதம்பரத்தில், தாலுகா ஆபீசில் நடந்தது. அதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் விதியை விடமாட்டார்.

"என் பேரு சபாபதிங்க" என்று முந்திக்கொண்டு வந்தார் சபாபதி.

"ஒங்களுக்கு ஓட்டு இருக்குய்யா. கேக்கறது இந்தம்மா, இவுங்க வாயால சொல்லட்டும்."

"நான் எழுதிக் குடுக்கட்டுமா சார்?" என்றாள் மங்கலம்.

"இதுவும் நீங்க எழுதுனதுதானே?"

மங்கலத்தின் முகம் சுருங்கிவிட்டது. செல்லாயியின் காதருகே குனிந்தாள். "சொன்னா ஒண்ணும் ஆயிடாது செல்லாயி. தைரியமா சொல்லு."

"நீங்க சொல்லியிருக்கீங்களாக்கா?"

மங்கலம் தோளில் கிடந்த துணிப்பையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒங்களுக்கு எழுத்து இருக்கு, எழுதிட்டுப் போயிடுவீங்க. எனக்கு வாய் மட்டுந்தானே இருக்கு? நீங்க மொதல்ல சொல்லுங்க, நானும் சொல்றேன்."

ஊர் ஊராய் உபதேசம் பண்ணிய வாய் ஒட்டிக்கொண்டது. அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. காலையில் வீட்டுக்காரர் இரண்டு தரம் இருமியது வேறு ஞாபகம் வந்து தொலைத்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "தங்கராசு" என்றாள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. யாரையோ கூப்பிடச் சொல்கிறார்கள் என்று நினைத்த வாசல் பியூன், தெருவைப் பார்த்து "தங்கராசு, தங்கராசு" என்று இரண்டு தரம் கூவினார்.

ஆபீசில் எழுந்த சிரிப்பு அடங்குமுன் செல்லாயி சொன்னாள்: "சபாபதிங்க."

போன வரப்பு திரும்பக் கிடைத்தவர் போல் நிமிர்ந்து நின்றார் சபாபதி.

சாயங்காலம் வீட்டில் தன் புருஷன் காபி குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் மங்கலம் பையைக் கீழே வைத்தாள். நடந்ததை அவரிடம் சொல்லவில்லை.

அறுபத்தேழு பிப்ரவரியில், முதுநகர் பள்ளிக்கூடத்தில் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மேசைக்காரர் பட்டியலைப் புரட்டினார்.

"மங்கலம். வீட்டுக்காரர் பேரு?"

"தங்கராசு."

"என்னா?" என்று ஆண்கள் வரிசையிலிருந்து குரல் வந்தது. இருபது வருஷத்தில் அவள் வாயால் தன் பெயரை முதன்முதலாகக் கேட்ட மனுஷர், வரிசையை விட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

"ஒண்ணுமில்ல, நில்லுங்க. ஓட்டுப் போட்டுட்டு வரேன்" என்று மை வைக்க விரலை நீட்டினாள் மங்கலம்.