வெளிர் சாம்பலில் ஒரு பஸ்

போன வாரம் சதுரங்கப்பட்டினம் பஸ் ஸ்டாப்பில் ஏழுமலையைப் பார்த்தேன். போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னாப்பா, போனை மோந்து பாக்கறியா?"

"ரம்யா பண்ண ஆப்பு, அண்ணாத்த. பஸ்ஸு எங்க வருதுன்னு காட்டுமாம்."

ஏழுமலை என் பக்கத்து வீட்டுக்காரன். மறைமலைநகர் கம்பெனி பஸ் ஓட்டியவன். சர்க்கரை கண்ணைத் தாக்கியதும் ஸ்டியரிங்கை விட்டான். ரம்யா அவனுடைய ஒரே மகள். பெங்களூரில் ஆப் வடிவமைக்கும் வேலை. பொங்கலுக்கு வந்ததோடு சரி.

"எந்த ஊருக்குக் கிளம்பிட்டே?"

"எங்கயும் இல்ல. வூட்ல உக்காந்துகினு பாத்தேன், தெரியல. வெளிச்சத்துல தெரியுமான்னு வந்தேன்... பஸ்ஸு எக்கேடு கெட்டா இன்னா? எம் பொண்ணு பண்ணதை நான் பாக்க வாணாமா?"

எனக்குச் சுருக்கென்றது. போனை வாங்கிப் பார்த்தேன். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து — கடுகு சைஸில்! கண்ணாடி போட்ட எனக்கே தண்ணி காட்டியது. செட்டிங்கில் எழுத்தைப் பெரிதாக்கினேன். போனில் மற்றதெல்லாம் பெருத்தது. இந்த ஆப் மட்டும் அசையவில்லை. வரும் பஸ்ஸுக்குப் பச்சைப் புள்ளி, வராத பஸ்ஸுக்குச் சிவப்புப் புள்ளி. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர் எந்தப் புள்ளியை நம்பி நிற்பார்? படு நீட்டான ஆப்தான்... ஆனால் யார் பார்க்க?

"அவகிட்ட சொன்னியா?"

"சூப்பரா கீதுன்னேன். ஃபைவ் ஸ்டாரும் குத்திட்டேன்."

அவன் மட்டுமா? ஆப் வந்த அன்றே சித்தப்பா, அத்தை, மாமன், மச்சான் என்று மொத்தச் சொந்தமும் திறந்துகூடப் பார்க்காமல் ஐந்து ஸ்டார் போட்டிருந்தது. கல்யாணத்துக்கு மொய் வைக்கிற மாதிரி! பாவம், அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்... பெற்ற அப்பாவாலேயே படிக்க முடியவில்லை என்று?

"உண்மையைச் சொல்லுப்பா."

"மனசு கஷ்டப்படும், அண்ணாத்த." பிறகு மெதுவாகக் கேட்டான்: "சொன்னா... ஒரு வாட்டி வருவாளா?"

அவன் சொன்னபடி நான் தட்டினேன். ஐந்து ஸ்டார் ஒன்றானது. கீழே ஒரே வரி: 'நைனாவுக்கு ஒண்ணும் தெரியலமா.'

சனிக்கிழமை காலை ரம்யா வாசலில் நின்றாள்! அத்தனை ஃபைவ் ஸ்டாருக்கும் வராதவள், ஒற்றை ஸ்டாருக்கு ஓடி வந்துவிட்டாள்.

"ஏன் நைனா முன்னாடியே சொல்லல?" என்று அழுதாள். ஞாயிறு முழுக்க அப்பா பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். எழுத்தைக் கறுப்பாக்கினாள், பெரிதாக்கினாள், புள்ளிகளுக்குப் பக்கத்தில் 'வருகிறது', 'வராது' என்று எழுத்திலேயே போட்டாள். ஆப் செய்யும் பிள்ளைகளே, இதைத்தான் முதலில் செய்யுங்கள். கண் மங்கியவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.

சாயங்காலம் அவள் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்து பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப தெரியுதா, நைனா?"

"இல்லமா... இன்னும் கலங்கலா கீது."

மறுபடி மாற்றினாள். மறுபடியும் கலங்கல். இந்தக் கூத்தில் பஸ் போய்விட்டது. ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம்தான் ஊருக்குப் போனாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அவ்வளவு மாத்தியும் தெரியலையாப்பா?" என்றேன்.

ஏழுமலை அக்கம்பக்கம் காது கொடுத்துப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"பளிச்சுனு தெரிஞ்சுது, அண்ணாத்த. செங்கல்பட்டு பஸ்ஸு வருதுன்னு போட்டிருந்துச்சு... அதான் தெரியலன்னுட்டேன்."