நீலப் பூச்சிக்கு என் பெயர்

ஐம்பத்திரண்டாம் வயதில் ஒரு நோயாளிக்கு என் பெயரை வைத்தேன். தெரிந்து செய்யவில்லை என்பது மட்டும்தான் என் தரப்பு வாதம். வைக்கும்போது அதை ஒரு புதிய உயிரினம் என்று நினைத்திருந்தேன். லத்தீன் வழக்கப்படி என் பெயரின் வாலில் இரண்டு ஆங்கில ‘ஐ’ எழுத்தை ஒட்டி, எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் அறிவித்தேன். பதினோரு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். ஒருவர் கை தவறி ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டுவிட்டார். இப்போது யோசித்தால் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

பெங்களூரில், அல்சூர் ஏரியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் அறுபது தொட்டிகளும் செங்கல் அடுக்கிய இரண்டு பாத்திகளும் உண்டு. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஜோகுபாளையத்திலிருந்து ஓர் அம்மா தினமும் காலை நடந்து வருவார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஆனாலும் அவரை யாரும் ‘அம்மா’ தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் வேறு எப்படிப் பேசுவது.

ஜூன் மாதத் தூறல் தொடங்கியபோது ஐந்தாம் மாடி வீட்டுக் கூரையில் லேசாக ஈரம் தெரிந்தது. சங்கச் செயலாளர் மேலே வந்து தொட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

“நோடி சார், மாசக் கடைசி மீட்டிங்ல வெச்சிடறேன். தோட்டத்த எடுத்துட்டாத்தான் இந்த லீக் நிக்கும்.”

அவர் இறங்கிப் போனதும் அந்த அம்மா தண்ணீர்க் குழாயை மூடினார்.

“இந்த பில்டிங் போச்சுன்னா வைட்ஃபீல்டு பக்கம் ஆளு கேக்கறாங்க சார். ரெண்டு பஸ் மாறணும். என் முட்டி இருக்கற இருப்புக்கு ஏறும்போதே எறங்கற ஸ்டாப் வந்துரும்.”

“கவலைப்படாதீங்க. நான் பார்த்துக்கறேன்” என்றேன். எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்டால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். அந்த அம்மாவுக்கு அவ்வளவு அனுபவம் போதாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தினேன். அடியில் வழக்கமான கூட்டம். சாம்பல் நிறம், பதினாலு கால், தொட்டால் மிளகு மாதிரி உருண்டுகொள்ளும். ஈரமான தொட்டிக்கு அடியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு உருண்டைப் பூச்சி என்று பெயர். உண்மையில் பூச்சியே இல்லை, இறால் நண்டு வகையில் சேர்ந்தது என்று எங்கோ படித்ததை ஒருமுறை மனைவியிடம் சொன்னேன். “அப்ப மிளகு போட்டு வறுத்துடவா?” என்று கேட்டாள். அன்று அந்தச் சாம்பல் கூட்டத்தின் நடுவே ஒன்று மட்டும் நீலமாக இருந்தது. சும்மா நீலம் இல்லை. கல்யாணப் புடவைக் கடையில் விளக்குக்கு அடியில் பிரித்துக் காட்டுவார்களே, அந்த மயில்கழுத்து நீலம்.

நான் உயிரியல் படித்தவன் அல்ல. மென்பொருள் கம்பெனி ஒன்றில், யாரும் படிக்காத பயனர் கையேடுகளை எழுதுகிறவன். ஆனால் நிறையப் படிக்கிறவன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கட்டுரை சாட்சி.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, புதிய இனத்தின் குணங்களைக் குறிக்க ஆரம்பித்தேன். மற்றவை வெளிச்சம் பட்டதும் ஓடி ஒளிகின்றன, இது ஓடவில்லை: ‘வெயிலுக்கு அஞ்சாதது.’ தொட்டால் உருளவில்லை: ‘மனிதர்மேல் நம்பிக்கை கொண்டது.’ உள்ளங்கையில் வைத்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறது: ‘சாந்த சுபாவம்.’ நாலு நாளில் செத்துப்போனது: ‘குறைந்த ஆயுள்.’ செத்ததைச் சாம்பல் பூச்சிகள் கூடித் தின்றன: ‘எதையும் வீணாக்காத சமூகம்.’ தின்றவற்றில் சில, அடுத்தடுத்த நாட்களில் மெல்ல நீலமாயின. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி அடிக்கோடிட்டேன்: ‘இனம் பெருகுகிறது!’

அந்த அம்மா ஒன்றை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார்.

“இன்னா சார் இது, மேலுக்கு முடியாத மாதிரி இருக்குது?”

அது நோய் இல்லை, புதிய இனம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். ஒரு புதிய உயிரினம் வாழும் தோட்டத்தைக் காலி செய்ய எந்தச் சங்கத்துக்கும் தைரியம் வராது, உங்கள் வேலைக்கு இனி ஆபத்தில்லை என்றும் சொன்னேன். “ஓ” என்றார். அவர் ‘ஓ’ என்றால் வாதம் முடிந்தது என்று அர்த்தம். யாருக்குச் சாதகமாக முடிந்தது என்பது பிறகுதான் தெரியவரும்.

புதிய இனத்துக்கு ஈரம் வேண்டும். ஆகவே கீழ்க்கடையில் நாலு கோணிப்பை வாங்கி, நனைத்து, கைப்பிடிச் சுவரின் மூலையில் திணித்துப் பரப்பினேன். அந்த மூலை ஏன் மற்ற இடங்களைவிடச் சற்றுப் பள்ளமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரை இதைவிடச் சின்னதாகியிருக்கும்.

வாட்ஸப் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இரண்டாம் மாடிப் பெண் மேலே வந்தாள். திருச்சிக்காரி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வைரஸ்களைப் படிக்கிறவள். கைலென்ஸால் வெகுநேரம் பார்த்தாள்.

“அங்கிள், இந்தப் பேரை வேற யாருக்காவது அனுப்பிட்டீங்களா?”

“நம்ம குரூப்ல மட்டும்தான்.”

“அப்பாடா. முதல்ல, யாரும் தன் பேரைத் தானே வெச்சுக்க மாட்டாங்க அங்கிள். ரெண்டாவது, இது புது இனம் இல்லை. அதே சாம்பல் பூச்சிதான். வைரஸ் வந்திருக்கு. லேப்ல ஒரு தடவை பார்த்துட்டுத்தான் உறுதியாச் சொல்லணும், ஆனா எனக்குச் சந்தேகமே இல்லை.”

நீலச் சாயம் என்று அதன் உடம்பில் எதுவுமே கிடையாதாம். பூச்சியின் செல்லுக்குள் வைரஸ் துகள்கள், பழக்கடையில் ஆரஞ்சு அடுக்குவதுபோல் வரிசை பிசகாமல் அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் நீலமாகத் தெரிகிறது. நீலம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் பூச்சிக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். அது ஓடாததற்கும் உருளாததற்கும் காரணம் என்மீது கொண்ட நம்பிக்கை இல்லை, காய்ச்சலில் கிடப்பவன் காலிங்பெல்லுக்கு எழுந்து வராததற்கு என்ன காரணமோ அதுதான்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு கீழே போயிருக்கலாம். “இது எந்தக் குடும்பம்?” என்று கேட்டேன். கையேடு எழுதுகிறவனுக்கு அட்டவணை என்றால் ஒரு பலவீனம்.

பாவம், அவளுக்கும் கேட்க ஆள் கிடைப்பதில்லை போலிருக்கிறது. கவிழ்த்துப்போட்ட தொட்டியின்மேல் உட்கார்ந்து சொன்னாள். பெரிய டிஎன்ஏ வைரஸ்கள் என்று ஒரு பெருங்கூட்டம் இருக்கிறது. சாதாரண வைரஸ், பெட்டி ஒன்றோடு பி.ஜி.யில் தங்க வருகிறவன் மாதிரி, எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரரின் அடுப்பை நம்பி வரும். இவையோ குக்கர், மிக்ஸி, கேஸ் சிலிண்டரோடு குடிவருகிறவை. செல்லுக்குள் புகுந்ததும் தனியாக ஒரு சமையலறையே போட்டுக்கொள்ளும்.

முன்பெல்லாம் எந்த உயிரைப் பிடிக்கிறது, எப்படிப்பட்ட வடிவம் என்று பார்த்துக் குடும்பம் பிரித்தார்களாம். இப்போது மரபணுவைப் படிக்கிறார்கள். டிஎன்ஏவை நகலெடுக்க ஒன்று, மேலுறை கட்ட ஒன்று, உறைக்குள் டிஎன்ஏவைத் திணிக்க ஒன்று என்று ஒருசில மரபணுக்கள் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் எல்லோரிடமும் இருக்கின்றன. அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வைத்துக் குடும்பம், அதற்கு மேலே வரிசை, அதற்கும் மேலே தொகுதி. ஒவ்வொரு படிக்கும் பெயரின் கடைசியில் தனித்தனி வால். உலகளாவிய ஒரு குழு ஓட்டெடுத்து அங்கீகரித்தால்தான் செல்லும்.

“நம்ம சங்கக் கூட்டம் மாதிரி” என்றேன்.

“அங்க ஆதாரம் கேப்பாங்க அங்கிள்.”

நீலப் பூச்சியின் வைரஸ் ஒரு குடும்பம். அதே தொகுதியில் பெரியம்மையின் குடும்பம், பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கக் காய்ச்சலின் குடும்பம், குளத்துப் பாசியைப் பிடிக்கும் குடும்பம், அமீபாவைப் பிடிக்கும் ராட்சதர்களின் குடும்பம் எல்லாம் வருகின்றன. சின்னம்மை? அதுவும் பெரிய டிஎன்ஏ வைரஸ்தான், ஆனால் வேறு கிளையாம். பெரியம்மைக்கும் சின்னம்மைக்கும் ரத்த சம்பந்தமே இல்லை. நாம்தான் இரண்டையும் ஒரே வேப்பிலையில் கட்டி வைத்திருக்கிறோம்.

அமீபா ராட்சதர்களில் முதல் ஆளைப் பார்த்தபோது, இவ்வளவு பெரிசாக ஒரு வைரஸ் இருக்காது என்று அதை பாக்டீரியா என்றே சில வருடம் வைத்திருந்தார்களாம். எனக்கு உயிர் வந்தது. “பாத்தியா, பெரிய பெரிய விஞ்ஞானிங்களே ஏமாந்திருக்காங்க!”

“ஆமாம். ஆனா அவங்க தன் பேரை வெச்சுக்கலை, அங்கிள்.”

மாதக் கடைசிக் கூட்டம் கீழே கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. லேப்பில் பார்த்து வைரஸ்தான் என்று திருச்சிப் பெண் அதற்குள் சொல்லிவிட்டாள். ஐந்தாம் மாடி ஈரமோ அந்த மூன்று வாரத்தில் சொட்டாகி, சொட்டு பக்கெட்டாகியிருந்தது. அந்த அம்மா லிஃப்ட் பக்கத்தில் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு நின்றிருந்தார். செயலாளர், “சார் ஏதோ புது ப்ராணி இருக்குன்னாங்களே, சொல்லிடுங்க” என்றார். எழுந்தேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம்.

நேர்மையாக, அது புதிய உயிரினம் இல்லை, வைரஸ் என்றேன். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பயத்தைப் போக்க அறிவுதான் மருந்து என்று நம்புகிறவன் நான். ஆகவே, “இது ஒரு கௌரவமான பரம்பரை. பெரியம்மையெல்லாம் இதோட பெரிய தொகுதியிலதான் வருது” என்று தொடர்ந்தேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. ஒருவர் முகக்கவசம் எடுத்து மாட்டிக்கொண்டார். மூன்றாம் மாடிப் பாட்டி மாரியம்மனைக் கூப்பிட்டார். மனிதர்களுக்கு வராது, வராது என்று திருச்சிப் பெண் கத்தியது அந்தக் கூச்சலில் ஓரமாகக் கேட்டது. செயலாளர் ஃபோனை எடுத்தார்.

“தோட்டம் நாளைக்கே காலி. மருந்து அடிக்கறவங்களக் கூப்பிடறேன். தொட்டிக்குப் போட்ட எருவு எல்லாம் எங்கருந்து வந்துச்சு? யாரு தந்தாங்க?”

எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தார்கள். வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, வேலையோடு பெயரையும் சேர்த்துக் கெடுத்திருந்தேன்.

அவர் நடுவே வந்து டப்பாவைத் திறந்தார். நீலப் பூச்சிகளை உள்ளங்கையில் கொட்டினார். முன்வரிசை பின்வரிசையானது.

“மூணு வாரமா வெறுங்கையில பொறுக்கிப் போட்டுனு இருக்கேன். பாருங்க, எனக்கு எங்கனா நீலமாச்சா?”

இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிக் காட்டினார். மண் நிறம்தான் இருந்தது.

“இது பூச்சிக்கு வர்ற நோவு. நோவு வந்தத எடுத்துட்டா மிச்சது பொழைக்கும். அத்தோட, லீக்கு இவ்ளோ பெருசானதுக்கும் செடிக்கும் சம்பந்தமில்ல செக்ரெட்ரி சார். தண்ணி போற ஓட்டையில கோணி அடைச்சிருந்துச்சு. காலைல எடுத்துட்டேன். தொட்டிங்கள இரும்பு ஸ்டாண்டு மேல ஏத்திடறேன், ஸ்வல்ப டைம் குடுங்க. மழ முடிஞ்சும் ஒழுகுனா நானே எறக்கிடறேன்.”

“கோணியா? யாரு வெச்சது?”

அந்த அம்மா பூச்சிகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போடத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகத்தான் திரும்பவில்லை என்று புரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கையைத் தூக்கினேன்.

“நான்தான். அதுங்களுக்கு ஈரம் வேணும்னு...”

ஐந்தாம் மாடிக்காரர் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். பக்கெட் வைத்திருக்கிறவரே சிரித்தபிறகு செயலாளரால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. மழை முடியும்வரை தோட்டம் இருக்கலாம் என்றானது. தீர்மானத்தில் இரண்டாவது வரியும் உண்டு: நான் மொட்டை மாடிக்கு எந்தப் பொருளும் கொண்டுபோகக் கூடாது. மனைவி கைதூக்கி ஆதரித்தாள்.

மறுநாள் தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்ற நானும் போனேன், வெறுங்கையோடு. நாலு தொட்டி தூக்கியபிறகு கேட்டேன்.

“அது நோய்னு முதல் நாளே தெரிஞ்சதா உங்களுக்கு?”

“சொன்னேனே சார். நீங்கதான் எழுதினு இருந்தீங்க.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஒரு தொட்டியோடு சேர்த்து வாங்கி ஓரமாக வைத்தார். சற்று நேரம் கழித்து, “அந்த நோவுக்காவது உங்க பேர வெப்பாங்களா?” என்று கேட்டார்.

அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள் என்றேன். மரபணுவைப் பார்த்துக் குடும்பம் பிரிப்பதெல்லாம் வருவதற்கு முன்னாலேயே, இப்படி மினுக்கும் வைரஸ்களுக்கெல்லாம் கண்டுபிடித்த வரிசையில் நம்பர் போட்டிருக்கிறார்கள். இதன் நம்பர் முப்பத்தொன்று என்று அந்தப் பெண் சொன்னதைச் சொன்னேன்.

அவர் கறிவேப்பிலைத் தொட்டியை ஸ்டாண்டில் உட்காரவைத்து, ஆடுகிறதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“முப்பத்தொண்ணா? அப்ப போவட்டும் உடுங்க சார். உங்களுக்கு முன்னாடி முப்பது பேரு ஏமாந்திருக்காங்க.”