அலை இல்லாத இடம்

ஒரகடம் தொழிற்சாலையில் கார் கதவுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. சென்ற ஆண்டு ஒரு விடுமுறை நாளில், உடன் வேலை செய்யும் தென்காசிக்காரன் முத்துவுடன் கோவளம் போனேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கரைகள். ஒன்றில் அலைகள் நுரைத்து உடைந்தன, கூட்டமும் இருந்தது. மற்றதில், நடுவே ஒரு பட்டை நீர் மட்டும் அலையில்லாமல் வழவழப்பாகக் கிடந்தது. அதைக் காட்டியவன் நான்தான்.

“எங்கூரு குளம் மாதிரில்லா கெடக்கு!” என்று முத்து இறங்கினான். இடுப்பளவு நீரில் நின்றவன், சில நொடிகளில் தூரத்தில் தலை மட்டுமாகத் தெரிந்தான். எனக்குக் கத்தக்கூடத் தோன்றவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர்தான் படகில் போய் அவனைத் தூக்கிவந்தார்.

“அலை இல்லாத எடத்துலதான்பா தண்ணி உள்ள இஸ்துகினு போவும். இத்தப் பாத்தா எறங்குனீங்க?” என்றார்.

மறுநாள் ஷிப்டில், கீறல் இல்லாத கதவுகளையும் இரண்டு முறை பார்த்தேன்.

இப்போதும் கடலுக்குப் போகிறோம். மீனவர்களிடம் கேட்காமல் இறங்குவதில்லை. முத்து கணுக்கால் மட்டும் நனைக்கிறான். நான் கரையில் நின்று, வழவழப்பான இடம் எங்கே என்று முதலில் தேடுகிறேன். தெரிந்தால், “அந்தாண்ட போவாதடா” என்கிறேன்.