துண்டுக்குள் ஒரு ராஜ்யம்

இங்கிலீஷ் வாத்தியாருக்குப் பென்ஷன் உண்டு, ஓய்வு கிடையாது.

வேலூரில் ஒரு ஹைஸ்கூலில் முப்பது வருஷம் கத்தித் தொண்டையைத் தேய்த்தபின், ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். காற்று திரும்பினால் தோல் பதனிடும் டேனரியிலிருந்து ஆவாரம்பட்டை வாசனை வரும். அதையும் பொறுத்துக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்த மறுவாரமே கதவைத் தட்டிவிட்டார்கள். வந்தவர்கள் இண்டர்மீடியட் பரீட்சையில் மற்ற எல்லாவற்றிலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் விழுந்தவர்கள். அவர்களை விழத்தட்டியது ஒரு பழைய நாடகம். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். இதைப் படிப்பவர்களில் அதனிடம் அடிபட்டவர்கள் சிலராவது இருப்பீர்கள். இந்த வயதில் பழைய புண்ணைக் கிளறுவானேன்?

கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சீமையில் ஒரு பிரபு செத்துப்போகிறார். அவருடைய தம்பி கோட்டையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் மகனைக் கோபுரத்தில் அடைத்துவிடுகிறான். பையனின் தாய் கொழுந்தனைப் பார்க்க வருகிறாள். வந்தவள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவளும் அவனும் தோட்டத்து ரோஜாவையும் வேட்டைக்குப் பழக்கிய ராஜாளியையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசிவிட்டுப் பிரிகிறார்கள். பரீட்சைக்காரர்கள் அந்தக் காட்சியை விடுவதே இல்லை. நம் ஜனங்களும் அதில் கூண்டோடு விழுவதை விடவில்லை.

கிழமை பார்த்த கதை

என்னிடம் வந்தது மூன்று பேர். அப்துல் வஹாப் டேனரியில் லண்டன் கடிதங்கள் எழுதும் குமாஸ்தா. கோவிந்தசாமி ஜோலார்பேட்டை கூட்ஸ் வண்டி கார்டு. நாற்பதைத் தாண்டியவர், பெரிய மீசைக்காரர். வாலிபத்தில் கோட்டைவிட்ட பரீட்சையை இப்போது எழுதுவதற்குக் காரணம் மருமகன்; அந்தப் பையன் இண்டர் பாஸ் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறானாம். மூன்றாவது சாராள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சர்.

எந்தக் கிழமை வகுப்பு என்பதே பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை டேனரிக்கு லீவு. ஆனால் வஹாபுக்கு ஜும்மா. ஞாயிற்றுக்கிழமை சாராளுக்குக் கோயில். சனிக்கிழமை என்றேன். கார்டு மீசையைத் தடவினார். சனிக்கிழமை அவருக்குப் பெருமாள் விரதம். வெறும் வயிற்றில் இங்கிலீஷ் ஏறாது என்றார். மூன்று மதங்களுக்கும் பொதுவாக ஒரு கிழமை கிடைக்காமல் நான் தலையில் கை வைத்துக்கொண்டபோது அவரே இறங்கிவந்தார்: "சரி சார், சனிக்கிழமையே வர்றேன். பட்டினியும் இங்கிலீஷும் ஒரே நாள்ல போய்டட்டும்."

லண்டனுக்கு ஒரு பதில்

அந்தத் தம்பிப் பிரபுவின் குணத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். வஹாபின் தாளைப் படித்துவிட்டு எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "தங்கள் மேலான கடிதம் வந்து சேர்ந்தது" என்று ஆரம்பித்திருந்தார். லண்டன் தரகருக்கு எழுதி எழுதிப் பழகிய கை, பிரபுவென்ன, தோலென்ன? "மேற்படி பிரபு முதல் காட்சியில் காட்டிய மாதிரி வேறு, பிறகு அனுப்பிய சரக்கு வேறு. மேல்பக்கம் பளபளப்பு, உள்பக்கம் வெட்டு ஜாஸ்தி. ஆகவே திருப்பி அனுப்புகிறோம்" என்று முடித்து, கீழே கம்பெனிக்காகக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

நான் கத்தினேன். கத்தி முடித்து இன்னொரு முறை படித்தபோதுதான் உறைத்தது: அந்தப் பிரபுவைப் பற்றி இவ்வளவு சரியாக என் மாணவன் எவனும் எழுதியதில்லை. முதல் வரியையும் கடைசி வரியையும் அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த வஹாப் பவ்யமாகச் சொன்னார்: "டேமேஜ் கொஞ்சம் இருக்கும் சார். பார்த்து ஏத்துக்கங்க."

சாராளின் மனப்பாடம்

சாராளுக்கு எந்தத் தப்பும் வராது. அதுதான் அவளுடைய வியாதி. எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். அந்த ரோஜாக் காட்சியை முழுக்க ஒப்பித்தபோது கார்டு வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். "சரியம்மா, பெற்ற மகன் கோபுரத்தில் கிடக்கிறான், இவள் எதற்கு ரோஜாவைப் பற்றிப் பேசுகிறாள்?" என்று நான் கேட்டேன். அவ்வளவுதான், அழுதுவிட்டாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தை நடத்தும் துரைசானியம்மாள் சொல்லிவிட்டாராம்: இந்தத் தடவையும் தேறாவிட்டால் அவள் இடத்துக்கு மெட்ராஸிலிருந்து வேறு டீச்சர். அப்பா ஆசீர்வாதம் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர். கால் புண்ணாகி வேலை பாதி நாள்தான். தம்பி தங்கைகள் சாப்பிடுவது இவள் சம்பளத்தில். அவளை வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டு, பிறகு அழைத்துப்போகிறவரும் அவர்தான். என் வீட்டு வாசலோடு நின்றுவிடுவார். உள்ளே வாருங்கள் என்றால் சிரிப்பார், வரமாட்டார். அன்று சாராள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எனக்கு எல்லாம் தெரியும் சார். இன்னான்னுதான் தெரியல."

மீசை வைத்த சீமாட்டி

இந்தப் பக்கத்துச் சந்தையில் ஆட்டையும் தோலையும் எப்படி விலை பேசுவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைச் சேர்த்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விலையெல்லாம் துண்டுக்குள்ளே, விரலைப் பிடித்துப் பிடித்து. சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியக்கூடாதே! வாய் சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று, மேலே மழையைப் பற்றியும் மகள் பிரசவத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் இதை வருஷக்கணக்காகப் பார்த்தவன். ஆனால் அந்த வாரம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் துண்டைப் போட்டுக்கொண்டு ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசுவதைக் கேட்டதும், எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. கத்தரிக்காயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அன்று வெறும் ரசம்.

சனிக்கிழமை வஹாபின் தோளிலிருந்த சிவப்புத் துண்டை உருவினேன். அவரைக் கொழுந்தனாக நிறுத்தினேன். சாராளைத் தாயாகப் போட்டு அந்நிய ஆடவன் கையைப் பிடிக்கச் சொல்ல முடியுமா? ஆகவே சீமாட்டி வேஷம் கார்டுக்கு. இரண்டு பேர் கையும் துண்டுக்குள் போயிற்று. வாயில் நாடகத்து வசனம், கையில் சந்தை. "ரோஜா இந்தக் குளிரைத் தாங்குமா?" என்று கார்டு மீசையோடு கேட்டார். "தோட்டக்காரன் மனசு வைத்தால் தாங்கும்" என்று வஹாப் விரலை இறுக்கினார். கார்டு வலியில் வசனத்தை மறந்து "அடப்பாவி பாய்!" என்றார். சாராள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். முதல்முறையாகப் புத்தகத்தைப் பார்க்காமல் அந்த இரண்டு பேர் கையைப் பார்த்தாள். "ரோஜான்னா பையன்... உயிரோட இருக்கானான்னு கேக்கறா. பிடிச்ச கோட்டையை எழுதிக் குடுன்னு அவன் கேக்கறான். ராஜாளியைத் தரேன்னு சொல்றாளே, அதுதான் கோட்டை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடைசியில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்: "இத்தினி நாளா இவங்க வாய் பேசினதை மட்டும்தான் படிச்சேன் சார். கை பேசினதைப் படிக்கவே இல்ல."

துரைசானியம்மாள் வருகை

அதற்கப்புறம் துண்டு இல்லாமல் வகுப்பே கிடையாது. ஒரு சனிக்கிழமை, தன் டீச்சர் எப்படிப் படிக்கிறாள் என்று பார்க்கத் துரைசானியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் குடையோடு வந்துவிட்டார். அந்த நேரம் வஹாபும் கார்டும் துண்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, பழைய இங்கிலீஷில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியின் மேல் நின்று இயக்கிக்கொண்டிருந்தேன். அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் இறங்குவதற்குள், படித்துக் கற்ற தமிழில், "ஐயா, இங்கே ஆடு விற்பனை நடைபெறுகின்றதா?" என்றார்.

அந்த அம்மாள் முன்னால் அதுவரை வாயே திறந்திராத சாராள்தான் பதில் சொன்னாள்: "இல்லைங்கம்மா. ராஜ்யம் விற்பனை."

வேலூரில் வைத்தது

பரீட்சை வேலூரில். மூன்று பேரையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே புளியமரத்தடியில் காத்துக்கொண்டு நின்றேன். முதலில் வஹாப் வந்தார். முகத்தைப் பார்த்தாலே கேள்வி என்னவென்று தெரிந்துவிட்டது. ரோஜாக் காட்சியை எடுத்துவிட்டால் நாடகத்துக்கு நஷ்டமுண்டா என்று பரீட்சைக்காரன் கேட்டிருந்தான். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போலிருந்தது.

சாராள் கடைசியாக வந்தாள். மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட எழுதவில்லையாம். ஆம்பூர்ச் சந்தையை எழுதினாளாம், துண்டை எழுதினாளாம், கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே விலை முடிக்கிறவர்களை எழுதினாளாம். அப்புறம்தான் சீமாட்டிக்கே வந்தாளாம். என் குதிப்பெல்லாம் அடங்கிவிட்டது. மெட்ராஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திருத்துகிற புரொபசருக்கு ஆட்டுச்சந்தை என்ன தெரியும்? பெரிய முட்டையாகப் போட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? என் முகத்தைப் பார்த்து அவள் பயந்துபோனாள். கார்டு மட்டும், ராசியான துண்டு என்று வஹாபிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்ட சிவப்புத் துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டு அவளுக்குத் தைரியம் சொன்னார்: "கவலைப்படாதம்மா. மெட்ராஸ்காரனும் ஆடு தின்றவன்தானே?"

சிவப்புத் துண்டு

பரீட்சை முடிவு மெட்ராஸ் பேப்பரில் வரும். பேப்பர் ராத்திரி மெயிலில், ஆம்பூரில் இறங்காமல், ஜோலார்பேட்டைக்குப் போய்விடும். கார்டுக்கு அன்று காலையில் காட்பாடிப் பக்கம் போகும் கூட்ஸ் வண்டியில் டியூட்டி. அது ஆம்பூரில் நிற்காது. "பாஸானா பச்சைக் கொடி காட்டறேன் சார், பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காலையில் பிளாட்பாரத்தில் எல்லோரும் நின்றோம். வஹாப், சாராள், சற்றுத் தள்ளி ஆசீர்வாதம், குடையோடு துரைசானியம்மாள்கூட. வண்டி வந்தது. கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக் கொடியோடு நின்றார். வஹாப் "பாஸ்!" என்று கத்தினார். அடுத்த நிமிஷம் அவர் முகம் செத்துவிட்டது. "சார், கார்டுன்னா எந்த ஸ்டேஷன்லயும் பச்சைதானே சார் காட்டணும்?" இத்தனை படித்த நாங்கள் மூன்று பேர், முப்பது வருஷ வாத்தியார் உள்பட, அதை யோசிக்கவே இல்லை. இருபது வருஷம் கொடி பிடித்த கார்டும் யோசிக்கவில்லை.

எங்கள் முழியைப் பார்த்ததும் அவருக்கும் புரிந்துவிட்டது. வண்டி தாண்டிப்போகிறது. சத்தத்தில் அவர் கத்துவது கேட்கவில்லை. மனிதர் சந்தோஷம் தாங்காமல் தோளிலிருந்த வஹாபின் துண்டை உருவித் தலைக்குமேல் சுழற்றினார். சிவப்புத் துண்டு! திரும்பிப் பார்த்த டிரைவர் சிவப்பைக் கண்டதும் பிரேக்கைப் போட்டார். பெட்டி பெட்டியாக முட்டிக்கொண்டு முழு வண்டியும் கிறீச்சென்று நின்றுவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியில்லாமல் ஓடிவந்தார். கார்டு குதித்து எங்களிடம் ஓடிவந்து, "மூணு பேரும் பாஸ்! சாராளம்மா பாஸ்!" என்று அலறினார். சாராள் தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். எஞ்சினிலிருந்து இறங்கி, திட்டுவதற்கென்றே வந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "இதை முன்னாடியே சொல்றதில்ல? ஊதிக்கினே வந்து நிறுத்தியிருப்பேனே!"

மழை

துரைசானியம்மாள் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், மேல் வகுப்பு இங்கிலீஷ் இனிச் சாராளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். வண்டி கிளம்பியது. போகிற போக்கில் கார்டு துண்டை என் பக்கம் எறிந்துவிட்டுப் போனார். இனி அது கையில் இருந்தால் ஆபத்து என்று நினைத்திருக்க வேண்டும்.

அதை எடுத்துக்கொண்டு நான் நிமிர்ந்தபோது ஆசீர்வாதம் எதிரில் நின்றார். என் வாசலைத் தாண்டாத மனிதர். துண்டை என் கையிலிருந்து வாங்கி என் கைமேல் போட்டார். பிறகு தன் கையை உள்ளே விட்டார். சுண்ணாம்பில் வெந்து மரத்துப்போன கை. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விடவில்லை. எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை. அவர் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷம் மழை பரவால்ல சார்."

முப்பது வருஷம் சாக்பீஸால் நான் சொல்ல முடியாததை ஒரு முழத் துண்டு சொல்லிவிட்டது. பென்ஷனை மட்டும் சர்க்கார் இன்னும் எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது.