கொனாடுவின் கடைவாய்ப்பல்

கானா நாட்டின் குமாசி நகரில், அசாஃபோ பகுதியில் முடி பின்னும் கடை வைத்திருந்த கொனாடு, கைக்கு எட்டும் தூரத்தில் கத்தரிக்கோல் இருந்தாலும் வாயைத்தான் நம்புவாள். சவுரிப் பொட்டலத்தைக் கடித்துக் கிழிப்பாள். கொண்டை ஊசியை முன்பல்லால் விரிப்பாள். தாகமெடுத்தால் தண்ணீர்ப் பாக்கெட்டின் மூலையைக் கடித்துத் துப்புவாள். வருடக்கணக்கான பழக்கம்.

செவ்வாய்க்கிழமை ஒரு முரட்டு நூல் முடிச்சைக் கடைவாயில் வைத்து வெடுக்கென்று இழுத்தாள். ஏற்கெனவே சொத்தை விழுந்திருந்த கீழ்ப்பல் பிளந்துவிட்டது. வலி காதுவரை ஏறியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும். சனிக்கிழமைக் கல்யாணப்பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. வலி மாத்திரையைப் பொடித்து ஈறிலேயே அப்பிக்கொண்டாள். இரண்டு நாளில் ஈறு வெந்து வெளுத்தது. வெள்ளிக்கிழமை தாடைக்கு அடியில் கல் மாதிரி வீக்கம். கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி மறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கல்யாணப்பெண் அஃப்ராகோமா நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட டீச்சர், வாயாடி.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? எப்பவும் ஊர்க்கதை பேசியே என் காதப் புளிக்க வச்சிருவீங்களே!"

"ஒண்ணு... மில்ல." சுடச்சுட அவித்த கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

வாசலில் கல்யாணப்பெண்ணின் அம்மா பெமா தவித்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் மேடம்! பாதிரியார் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாரு."

கொனாடுவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் எச்சிலை விழுங்க முடியவில்லை. அது உதட்டோரம் வழிய, தோளில் துடைத்துக்கொண்டாள். மூச்சு இழுக்கும்போது கீச்சென்று ஒரு ஓசை வந்தது. பாதித் தலை முடிந்திருந்தது. இன்னும் பாதிதானே, முடித்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டே அடுத்த கற்றையைப் பிரித்தாள்.

அஃப்ராகோமா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். சட்டென்று திரும்பி, கழுத்துத் துணியை இழுத்தாள்.

"அய்யோ! வாயத் திறங்கக்கா."

ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. உள்ளே நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, டிரைவர வண்டிய எடுக்கச் சொல்லு. ஆஸ்பத்திரிக்கு."

"பைத்தியமாடி உனக்கு? கல்யாணத்த வச்சுக்கிட்டு! அரைத் தலையோட எங்க போவ?"

"இவங்களுக்கு மூச்சு நின்னா உனக்குப் பரவால்லையா?"

ரிப்பன் கட்டிய கல்யாணக் கார் கேஜேட்டியா சந்தை நெரிசலில் மாட்டிக்கொண்டது. கொனாடுவால் சாய முடியவில்லை. சாய்ந்தால் தொண்டை அடைத்தது. முழங்காலில் கையூன்றிக் குனிந்து, ஒவ்வொரு மூச்சையும் பிடுங்கி இழுத்தாள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கல்யாண வண்டி என்று பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே கையசைத்தார்கள்.

"என்னையே பாருங்கக்கா. இதோ வந்துடுச்சு. மூச்ச விடாதீங்க... அய்யோ, விடுங்க, விட்டு விட்டு இழுங்க!" என்று அழுதபடி உளறினாள் அஃப்ராகோமா.

ஆஸ்பத்திரி வாசலில் கொனாடுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாடைக்கு அடியில் கீறிச் சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கினார்கள்.

மறுநாள் பல் டாக்டர் வந்து வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். முன்பல் விளிம்பில் இருந்த பள்ளங்களைச் சுட்டிக் கேட்டார்: "இது கொண்டை ஊசியப் பல்லால விரிச்சதா?"

அவள் தலையசைத்தாள்.

"மாத்திரைய விழுங்கணும்மா. ஈறுல வச்சா வலி போகாது, ஈறுதான் வெந்துபோகும். இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

சாயங்காலம் பெமா சூப் வாளியோடு வந்தாள். கல்யாணம் நடந்துவிட்டது, பாதிரியார் முணுமுணுத்தாலும் காத்திருந்தார் என்றாள். உட்காரவில்லை, கோபம் இன்னும் தீரவில்லை.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளப் பார்த்திருப்போம்ல? என் பொண்ணு கல்யாண போட்டோவுல ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் புதரு!"

கொனாடுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன; தையல் சுரீரென்று இழுத்தது. பெமா சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியை எடுத்தாள்.

"தலைய ஆட்டாத. மெதுவா முழுங்கு."

முதல் வாய் சூப் வலியோடுதான் இறங்கியது. ஆனால் இறங்கியது.